ராஷ்கே வயலில் எங்கள் கேப்டன்

1909இல் வின்ஃபோர்ட் கல்லூரிக்கு நல்ல ஃபுட்பால் அணி அமைந்திருந்தது; பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். அயோவாவில் எங்கள் பக்கத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் அதை ஒத்துக்கொள்வார்கள். மொத்தமே பதினாறு பேர்தான் நாங்கள். பதினொருவர் களத்தில் இறங்க, மற்றவர்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு கயிற்றோரம் உட்கார்ந்து, யாருக்காவது அடிபடுமா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடிபடாத சனிக்கிழமை என்று ஒன்று கிடையாது.

நான் முன்வரிசையில் இடது பக்கம். எனக்கு அடுத்து வெளிப்பக்கமாக நின்றவன் ஹால்வோர் ட்வெட், எங்கள் கேப்டன். நார்வேயிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அவனுடையது. வடக்கே குன்றுகளின் பக்கம் பண்ணை வைத்திருந்தார்கள். ஆள் அப்படியொன்றும் உயரமில்லை. ஆனால் எதிரணிக்காரன் பந்தை இடுக்கிக்கொண்டு முட்டிமோதி வரும்போது, ஹால்வோர் தரையோடு தரையாகப் பாய்ந்து, அவனுடைய இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலே சேர்த்துக் கட்டிப்பிடிப்பான். அத்தோடு அந்த ஓட்டம் முடிந்தது. அவனைத் தாண்டிப் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பேச்சு மட்டும் அவனிடம் சிக்கனம். கேப்டனாகத் தேர்ந்தெடுத்த அன்று எல்லோரும் அவனைப் பேசச் சொன்னதற்கு, “நாளைக்கு மூணு மணிக்கு வந்துருங்க” என்றான். அவ்வளவுதான் பேச்சு.

எங்கள் கோச் பாஸ்கம் தொழிலால் வக்கீல். வழக்குகள் அதிகம் வராததால், இலையுதிர் காலம் முழுவதும் எங்களைப் பார்த்துக் கத்த அவருக்கு நேரம் இருந்தது. முதல் மூன்று ஆட்டங்களையும் ஜெயித்தோம். என் அப்பா ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். சவரத்துக்கு வந்து உட்கார்ந்தவர்களெல்லாம், நவம்பர் கடைசியில் வரும் நன்றி சொல்லும் திருநாளன்று டன்மோர் கல்லூரியை எத்தனை புள்ளியில் அடிப்போம் என்பதைப் பற்றியே பேசினார்கள். டன்மோரை நாங்கள் ஜெயித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அந்தப் பேச்சில் அப்பாவின் கத்தி இரண்டு பேர் கன்னத்தைக் கீறிவிட்டது.

நாலாவது ஆட்டம் ஷெல்பர்ன் கல்லூரியோடு, அவர்கள் ஊரில். அவர்களிடம் எமில் ராஷ்கே என்று ஒருவன் இருந்தான். பந்தை வாங்கிக்கொண்டு நடுவே மாடு மாதிரி முட்டிக்கொண்டு வருகிறவன் அவன்தான். அன்று மத்தியானம் முழுக்க எனக்கும் ஹால்வோருக்கும் இடையில்தான் முட்டினான். அவன் ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் நான் ஏதாவது சொல்வேன், அவன் பதிலுக்கு ஏதாவது சொல்வான். ஹால்வோர் ஒன்றும் சொல்லமாட்டான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் அவர்கள் பதினொரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். எமில் மறுபடி வந்தான். ஹால்வோர் வழக்கம்போலத் தாழ்ந்து பாய்ந்து அவன் கால்களைக் கட்டினான். அந்தக் காலத்தில் ஓடுகிறவனை அவன் ஆட்களே பின்னாலிருந்து தள்ளலாம், விதி அதற்கு இடம் கொடுத்தது. ஷெல்பர்ன்காரர்கள் நாலைந்து பேர் எமிலின் முதுகில் தோளைக் கொடுத்து முழு பலத்தோடு தள்ளினார்கள். கால் நகரவில்லை, உடம்பு நகர்ந்தது. காய்ந்த வேலிக்கட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

தொடை எலும்பு. ஒரு கதவைக் கழற்றிக்கொண்டு வந்து அதில் படுக்கவைத்து அவனைத் தூக்கிப்போனார்கள். போகும்போது அவன் கத்தவில்லை; பந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கேட்டான். அதன்பிறகு மிச்ச ஆட்டத்தையும் ஆடி முடித்தோம். அப்போதெல்லாம் அப்படித்தான்.

திரும்பி வரும்போது ரயிலில் பையன்கள் பாடினார்கள். ஹால்வோர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

“சரியாத்தானே புடிச்சேன்?” என்று கேட்டான்.

“சரியாத்தான்டா புடிச்சே. நான் பக்கத்துலதானே இருந்தேன்.”

“எனக்கும் தெரியும். அந்தச் சத்தம் உனக்குக் கேட்டுச்சா?”

கேட்டது என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் ஷெல்பர்னுக்கு ரயில் ஏறிவிட்டான். திங்கட்கிழமை வகுப்புக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது மைதானத்துக்கு வந்தான். ஆட்ட உடுப்பில் இல்லை, கையில் துணிமூட்டை இருந்தது. ராஷ்கேயின் பண்ணையில் மக்காச்சோளம் ஒடிக்கப் போகிறேன், அது முடிகிறவரை வரமாட்டேன் என்று கோச்சிடம் சொன்னான். நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.

பாஸ்கம் முதலில் நிதானமாகத்தான் பேசினார். “ஹால்வோர், ஆட்டத்துல எலும்பு முறிஞ்சா அதுக்கு யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. இது உனக்குத் தெரியாததா?”

“நான் பதில் சொல்லப் போகல சார். சோளம் ஒடிக்கப் போறேன்.”

அதன் பிறகு பாஸ்கம் பேசியதில் நிதானம் இல்லை. கேப்டன் பாதியில் விட்டுவிட்டுப் போவதா, டன்மோரை யார் எதிர்கொள்வது, ஊர்க்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்றெல்லாம் கத்தினார். ஹால்வோர் முழுவதையும் கேட்டுக்கொண்டான். பிறகு அங்கே நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னான்.

எமிலின் அப்பா காட்லீப் ராஷ்கே, ஜெர்மனியிலிருந்து வந்தவர். பல வருடத்துக்கு முன் கதிரடிக்கும் இயந்திரத்தில் மாட்டி அவருடைய வலது முழங்கை மடங்காமல் போய்விட்டது. ஒரே மகன். காலையில் கல்லூரிக்குப் போய்விட்டு மத்தியானம் வந்து வயலில் இறங்குவது என்ற ஏற்பாட்டில்தான் அவனைப் படிக்க அனுப்பியிருந்தார். சில மத்தியானங்களில் ரசாயனக் கூடத்தில் வேலை என்று மகன் சொல்லியிருந்தான். அந்த ரசாயனம் என்னவென்று, வண்டியில் மெத்தை போட்டு மகனை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. வயல் முழுக்க மக்காச்சோளம் நின்றுகொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவரவர் சோளம். கூலிக்கு ஆள் கிடையாது. பனி விழுந்துவிட்டால் கதிர் வீணாகும்.

ஹால்வோர் போய்ச் சேர்ந்ததும், உங்கள் பிள்ளையின் காலைப் பிடித்தவன் நான்தான் என்று சொல்லியிருக்கிறான். கிழவர் திட்டவில்லை. இவன் கைகளைப் பார்த்தாராம். “சோளம் ஒடிச்சிருக்கியா?” என்று கேட்டாராம். ஒடித்திருக்கிறேன் என்றதும், தோகை கிழிக்கக் கையில் கட்டிக்கொள்கிற கொக்கியை எடுத்து நீட்டினாராம். திங்கட்கிழமை விடியலிலேயே இவன் வயலில் இறங்கிவிட்டான்.

கல்லூரி முதல்வர் டாக்டர் வெதரெல் ஒரு பாதிரியார். அவரிடமும் ஹால்வோர் போய்ச் சொன்னான். இவ்வளவு நாள் வகுப்புக்கு வராவிட்டால் இந்தப் படிப்புப் பருவம் முழுதும் போய்விடும், பதிவில் பேர் இல்லாதவன் கல்லூரிக்காக ஆடவும் முடியாது என்று அவர் எச்சரித்தார். “நீ செய்யறது நல்ல காரியம். ஆனா நல்ல காரியத்துக்குன்னு விதியில தனியா இடம் கிடையாது, ட்வெட்” என்றாராம். ஹால்வோர் சரி என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டான்.

அதன்பின் எங்கள் ஆட்டம் இறங்குமுகம்தான். ஹால்வோர் நின்ற இடத்தில் ஆர்லோ பைக் என்ற முதலாண்டுப் பையனை நிறுத்தினார் பாஸ்கம். தைரியத்துக்குக் குறைவில்லை, உடம்புதான் கிடையாது. எதிரணிக்காரர்கள் இரண்டே ஓட்டத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு எல்லா ஓட்டமும் அந்தப் பக்கம்தான். ஆர்லோவைத் தாண்டி வருகிறவனையெல்லாம் நான் பிடிக்கவேண்டியிருந்தது. ஒரு ஆட்டம் படுதோல்வி. இன்னொன்று எப்படியோ சமன். எனக்கு இரண்டு விரல் பிசகியது.

கடையில் பேச்சு வேறு விதமாக மாறியது. இது ஷெல்பர்ன்காரர்கள் செய்த சூழ்ச்சி என்றார் தானியக்கடைக்காரர். அந்தக் கிழவர் வழக்குப் போடுவேன் என்று மிரட்டிப் பையனைப் பிடித்துவைத்திருக்கிறார் என்றார் இன்னொருவர். அந்த வீட்டில் ஒரு பெண் இருக்கவேண்டும், பெண் இல்லாமல் எவனும் அடுத்தவன் சோளத்தை ஒடிக்கமாட்டான் என்றார் தபால் நிலையத்துக்காரர். இந்த மூன்றாவது கருத்துக்குத்தான் அதிக ஆதரவு கிடைத்தது.

டன்மோர் ஆட்டத்துக்கு முந்தின வாரம் எங்களுக்கு ஆட்டம் இல்லை. பாஸ்கம் என்னைக் கூப்பிட்டு, போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா என்றார். பதிவு விஷயத்தைத் தான் வெதரெலிடம் பேசிக்கொள்வதாகவும் சொன்னார். வெள்ளிக்கிழமை புறப்பட்டேன். ஷெல்பர்ன் நிலையத்தில் இறங்கி நடந்து, பண்ணையை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. ஒடித்த கதிரை வண்டிக்குள் எறிந்தால், மறுபக்கம் உயரமாக வைத்திருக்கும் பலகையில் மோதி உள்ளே விழும். டொக், டொக் என்று நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. குதிரைகள் யாரும் சொல்லாமலே ஓரிரு அடி நகர்ந்து நின்றன. வண்டியின் முன்முனையில் ஹால்வோர், பின்முனையில் ஒரு கையால் கிழவர்.

வீட்டில் பெண் யாரும் இல்லை. எமிலின் அம்மாதான் இருந்தார். வந்தவன் யார் என்றுகூடக் கேட்காமல் காபியும் பிளம் கேக்கும் வைத்தார். பிறகு முன்னறையைக் காட்டினார்.

எமில் ஜன்னலோரம் கட்டிலில் படுத்திருந்தான். காலில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் ஒரு உருளை வழியாக மணல்மூட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆள் மெலிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான்.

“நீ அவன் பக்கத்துல நின்னவன்தானே? நாலு தடவ என் தாடையில முழங்கைய வச்சவன்.”

“மூணு தடவதான்” என்றேன். “ஒரு தடவ நீயா வந்து மோதிக்கிட்டே.”

சிரித்தான். சிரித்தால் கால் வலிக்கும் போலிருக்கிறது, உடனே நிறுத்திவிட்டான். எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அவனை உடனே கூட்டிக்கொண்டு போய்விடு என்றான். அவன் குரலில் இருந்த கோபம் எனக்குப் புரியவில்லை. உனக்காகத்தானே அவன் வந்திருக்கிறான் என்றேன்.

“அதான் எனக்குப் புடிக்கல” என்றான் எமில். “அவன் புடிச்சது சுத்தமான புடி. அதுல ஒரு குத்தமும் கிடையாது. நான் நல்லா ஓடினேன், அவன் நல்லா புடிச்சான், கால் போச்சு. அப்படின்னா அது ஆட்டம். இவன் இங்க வந்து விடிஞ்சா போதும்னு ஒடிச்சுக்கிட்டே இருந்தா, ஏதோ தப்பு பண்ணிட்டுத் தீக்கறான்னு ஆகுது. அப்ப நான் யாரு? எவனோ தப்பு பண்ணதுல அடிபட்டுப் படுத்திருக்கிற பாவப்பட்டவனா? நாள் பூரா அந்தப் பலகைச் சத்தத்தக் கேட்டுக்கிட்டுக் கிடக்கேன். போதாததுக்கு எங்கப்பாவுக்கு என்னைவிட அவனைப் பிடிச்சுப்போச்சு.”

இதை ஹால்வோரிடம் நேரில் சொன்னாயா என்று கேட்டேன். அவன் இந்த அறைக்குள் வந்தால் செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி வாசலில் நின்று, எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறான் என்றான் எமில்.

நான் வயலுக்குப் போனேன். சும்மா நின்று பேசக் கூச்சமாக இருந்ததால் நானும் ஒரு கொக்கியைக் கட்டிக்கொண்டேன். நகரத்துப் பையன் நான். ஹால்வோர் ஐந்து கதிர் எறிவதற்குள் நான் ஒன்று எறிவேன். பிசகின விரல் வேறு. எமில் சொன்னதை அப்படியே சொன்னேன். ஹால்வோர் கை நிற்கவில்லை.

“அவன் சொல்றது சரிதான்” என்றான்.

“அப்பக் கிளம்பு.”

“சோளம் நிக்குதே.”

வண்டியின் பின்முனையில் இருந்த கிழவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். வறுத்த உருளைக்கிழங்கு, பன்றி இறைச்சி, புளித்த முட்டைக்கோஸ். முன்னறைக் கதவு திறந்தே இருந்தது. எமில் உள்ளேயிருந்து, வின்ஃபோர்ட்காரர்கள் நாளை காலை ரயிலுக்குப் போகிறார்களா என்று கேட்டான். அவன் மறுபடியும், இன்னும் சத்தமாகக் கேட்டான்.

காட்லீப் ராஷ்கே முள்கரண்டியைக் கீழே வைத்தார். “அவன் போனா நீ எந்திரிச்சு வந்து ஒடிப்பியா?”

திறந்திருந்த கதவைப் பார்த்தபடியே அவர் மேலும் பேசினார்.

“நீங்க எல்லாரும் ஆட்டம், ஆட்டம்ங்கறீங்க. குத்தம் இருக்கு, குத்தம் இல்லைங்கறீங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. வெளியில சோளம் நிக்குது. அது எனக்குத் தெரியும்” என்றார். பிறகு ஹால்வோர் பக்கம் திரும்பி, “ஆனா நான் உன்னைப் புடிச்சு வைக்கல தம்பி. நாளைக்குப் போறதுன்னா வண்டி கட்டித் தர்றேன்” என்றார்.

“முடிச்சுட்டுப் போறேன், மிஸ்டர் ராஷ்கே” என்றான் ஹால்வோர்.

உள்ளேயிருந்து எமில் சொன்னான்: “சரி, இரு. ஆனா இனிமே வாசல்ல வந்து அந்த மூஞ்சியோட நிக்காதே. வர்றதுன்னா உள்ள வந்து, எனக்குக் கீழ எப்படி நுழைஞ்சேன்னு காட்டு. நான் தலையைத் தாழ்த்தித்தான் வந்தேன். நீ அதுக்கும் கீழ இருந்தே. எனக்கு அது இன்னும் விளங்கல.”

ஹால்வோர் தட்டை ஓரமாகத் தள்ளினான். பிறகு எழுந்து உள்ளே போனான். நானும் போனேன். அவன் தரையில் குந்தி, பின்னங்காலை எங்கே ஊன்றுவான், எந்தக் கணத்தில் பாய்வான் என்று செய்துகாட்டினான். எமில் கேள்வி மேல் கேள்வி கேட்டான். அம்மாவிடம் ஒரு தட்டும் சோளமணிகளும் வாங்கி, இருபத்திரண்டு மணிகளை வரிசையில் வைத்து, இந்த மணி இப்படிப் போனால் நீ எங்கே பார்ப்பாய் என்று ஆரம்பித்தான். ஹால்வோர் அவ்வளவு பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. அதன்பின் வயல் வேலை முடிந்த எல்லா நாளும் இப்படித்தான் நடந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். கால் கட்டிப்போட்ட நிலையில் எமிலுக்கு வேறு வேலையும் இல்லை.

நான் மறுநாள் தனியாகத் திரும்பினேன். பாஸ்கம் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. கடையில், அந்த வீட்டில் பெண் இல்லை என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு கடைசி வண்டியும் களஞ்சியத்துக்குப் போய்விட்டது. திருநாளன்று காலை ஹால்வோர் வின்ஃபோர்ட் நிலையத்தில் இறங்கினான். கூடவே ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டுக்கொண்டு காட்லீப் ராஷ்கேயும் இறங்கினார். மகன் காலை உடைத்த அந்தச் சமாச்சாரம் என்னவென்று தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்று அவர் வந்திருந்தார்.

பாஸ்கம் ஹால்வோரைப் பார்த்ததும் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தார். உடனே வெதரெலிடம் போய் மன்றாடினார். வக்கீல் அல்லவா, நிறைய நியாயம் எடுத்துவைத்தார். வெதரெல் அசையவில்லை. பதிவில் பேர் இல்லை, அவ்வளவுதான் என்றார். அவரும் எங்கள் ஜெயத்தைப் பார்க்க ஆசைப்பட்டவர்தான். முகம் அதைச் சொன்னது. ஹால்வோர் ஆர்லோ பைக்கிடம் போய்த் தன் தோல் காலணிகளைக் கொடுத்தான். ஆர்லோ உள்ளே காகிதத்தைத் திணித்துக்கொண்டு அவற்றைப் போட்டுக்கொண்டான்.

ஊரே மைதானத்தில் இருந்தது. தரை இறுகிக்கிடந்தது. ஹால்வோரும் கிழவரும் என் பக்கத்துக் கயிற்றோரம்தான் நின்றார்கள். ஆட்டத்துக்கு நடுவே அவர்கள் பேசியது எனக்கு அவ்வப்போது காதில் விழுந்தது. மிச்சத்தை ஹால்வோர் பிறகு சொன்னான்.

கிழவருக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. “பேரு ஃபுட்பால்ங்கறாங்க. ஒருத்தனும் காலால உதைக்கக் காணோம்” என்றாராம். பிறகு, “இவ்வளவு நேரமா இத்தனை பேர் இழுத்துத் தள்றானுங்க. இதுக்கு ஏரைப் பூட்டியிருந்தா பாதி வயலாவது உழுதிருக்கலாம்” என்றாராம். ஆனால் பார்ப்பதை நிறுத்தவில்லை. டன்மோர்காரன் ஒருவன் பந்தோடு வந்தான். ஆர்லோ அவன் காலைப் பிடித்தான். பின்னாலிருந்து மூன்று பேர் தள்ளினார்கள். அதைப் பார்த்ததும் கிழவர் கயிற்றை இறுகப் பிடித்தாராம்.

“பின்னாடி தள்றது யாரு?”

“அவனோட ஆளுங்கதான்.”

“எமிலையும் இப்படித் தள்ளினாங்களா?”

“ஆமாம்.”

“எத்தனை பேரு?”

“நாலஞ்சு பேர் இருப்பாங்க.”

கிழவர் களத்தைவிட்டுத் திரும்பி இவனைப் பார்த்தார். “இத்தனை நாள் என் வீட்ல இருந்தியே. இதை ஏன் சொல்லல?”

“நான் புடிச்சேன், அவங்க தள்ளினாங்க. ரெண்டுந்தான். நீங்க யாரு புடிச்சதுன்னுதான் தெரிஞ்சுக்க வேண்டியிருந்துச்சு, அதைச் சொன்னேன்.”

அவர் அதன்பிறகு ஆட்டம் முடிகிறவரை மடங்காத அந்தக் கையை ஹால்வோரின் முதுகில் வைத்தபடியே நின்றார். அதை நானே பார்த்தேன்.

மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். அதுவும் பந்தைக் காலால் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பி எடுத்த மூன்று. கிழவர் அப்போதுதான் தலையாட்டினார், இது ஒன்றாவது பேருக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று. ஆர்லோ பைக்கின் மூக்கு உடைந்திருந்தது. அன்று அவன் பக்கமாக யாரும் புள்ளி எடுக்கவில்லை. மைதானத்தைவிட்டு வெளியே வந்தபோது தானியக்கடைக்காரர் ஹால்வோரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹால்வோர் மட்டும் இருந்திருந்தால் என்று அந்தக் குளிர்காலம் முழுக்க ஊர் பேசியது. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. உதைத்த பந்தை அவனும் பிடித்திருக்க முடியாது.

ஹால்வோர் ஜனவரியில் மறுபடி பதிவுசெய்து சேர்ந்தான். அடுத்த இலையுதிர் காலத்தில் விதிகளை மாற்றியிருந்தார்கள். ஓடுகிறவனைப் பின்னாலிருந்து தள்ளக்கூடாது என்பது அதில் ஒன்று. ஹால்வோர் தன் பழைய இடத்தில் நின்றான். முதல் இரண்டு ஆட்டத்திலும் நன்றாகத்தான் ஆடினான் என்று எனக்குப் பட்டது.

பிறகு ஷெல்பர்ன் எங்கள் ஊருக்கு வந்தது. எமில் கைத்தடியோடு கூட வந்திருந்தான். அவனால் இனி ஆட முடியாது. ஒரு கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. அணியின் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற மேலாளராக அவனை வைத்திருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்பு அவனும் ஹால்வோரும் கைகுலுக்கி, அப்பா சௌக்கியமா, குதிரை சௌக்கியமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதல் பாதியில் ஒன்றுமில்லை. இரண்டாம் பாதியில் ஷெல்பர்ன்காரர்கள் நேராக ஹால்வோர் மேலேயே ஓட ஆரம்பித்தார்கள். வேறு எந்த அணியும் அப்படிச் செய்யத் துணிந்ததில்லை. நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஹால்வோர் சரியான நேரத்தில் சரியான இடத்துக்குத்தான் போனான். ஆனால் காலைப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் இடுப்பைப் பிடித்தான். இடுப்பில் பிடிபட்டவன் இவனையும் இழுத்துக்கொண்டு இரண்டு மூன்று கஜம் முன்னே போய்த்தான் விழுந்தான். அப்படியே கஜம் கஜமாக வந்து ஆறு புள்ளி எடுத்து எங்களைத் தோற்கடித்தார்கள்.

ரயிலுக்கு நேரமிருந்ததால் எமில் எங்களோடு நிலையத்துச் சாப்பாட்டுக் கடைக்கு வந்தான். மூவரும் சூப் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ஆட்டத்தைப் பற்றி முதலில் ஹால்வோர்தான் கேட்டான்.

“நீதானே சொல்லிக்குடுத்தே?”

“நான்தான்” என்றான் எமில். “போன ரெண்டு ஆட்டத்தையும் வந்து பாத்தேன். கால்கிட்ட வந்ததும் உன் கை மேல போகுது. உனக்குத் தெரியாமலே போகுதுன்னு நெனச்சேன்.”

“தெரியும். தாழப் போகணும்னுதான் ஒவ்வொரு தடவையும் போறேன். கை கேக்க மாட்டேங்குது.”

எமில் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். “எங்க ஆளுங்ககிட்ட சொல்லும்போது எனக்கு நல்லா இல்ல” என்றான்.

“நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன்.”

“அது தெரியும். இருந்தாலும் நல்லா இல்ல.”

ஹால்வோர் அவன் பக்கம் ரொட்டியைத் தள்ளினான். “எனக்குக் கோவம் இல்லடா. சாப்பிடு, ரயில் வந்துரும்.”

எமில் சாப்பிட்டான். ரயில் வந்ததும் ஹால்வோர் அவன் மூட்டையை ஏற்றிக்கொடுத்தான்.

அடுத்த திங்கட்கிழமை ஹால்வோர் பாஸ்கமிடம் போய், என்னை வரிசையின் நடுவில், பந்தைப் பின்னால் கொடுக்கிற இடத்தில் போடுங்கள், என் இடத்தை ஆர்லோவுக்குக் கொடுங்கள் என்றான். காரணம் கேட்டதற்கு, ஆர்லோ என்னைவிடத் தாழப் போகிறான் என்று மட்டும் சொன்னான். உண்மையும் அதுதான். ஆர்லோ அந்த ஒரு வருடத்தில் உடம்பு வைத்திருந்தான். அந்த அணியோடுதான் டன்மோரை ஜெயித்தோம். ஆர்லோவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். தானியக்கடைக்காரர் அன்று ஹால்வோருக்கும் கைகொடுத்தார்.

காட்லீப் ராஷ்கே அதற்குப்பின் சில வருடங்கள்தான் இருந்தார். எமிலுக்கு அந்தக் காலோடு விவசாயம் ஒத்துவரவில்லை; அவன் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகப் போனான். நிலத்தை ஹால்வோர் வாரத்துக்கு எடுத்துக்கொண்டு, விளைச்சலில் பாதியை எமிலுக்கென்று களஞ்சியத்தில் அளந்து வைத்துவிடுவான். அறுவடைக் காலத்தில் எமில் பள்ளி முடிந்ததும் வந்து, உட்கார்ந்த இடத்திலிருந்து வண்டி ஓட்டுவான். நான் அப்பாவின் கடையை எடுத்துக்கொண்டேன். ஒருமுறை அவர்களைப் பார்க்கப் போயிருந்தபோது இரண்டு பேருக்கும் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. தெற்குப் பக்கத்துச் சரிவில் சோளம் போடுவதா, ஓட்ஸ் போடுவதா என்று. எமிலின் அம்மா எனக்குக் காபி ஊற்றிவிட்டு, இது போன வாரத்திலிருந்து நடக்கிறது, நீ சாப்பிடு என்றார்.